வாத்தியாரைக் கேளுங்கள்: நடக்கிற ஆட்சியே திரும்பி வந்தால்?

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "நம் மாநிலத்தில் நடக்கிற ஆட்சி தேர்தலில் திரும்பி வருவது குறிஞ்சி பூக்கிற மாதிரி. 1984-ல் வந்தது, அப்புறம் 2016-ல்தான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் தகவல்களும் குவிந்து கிடக்கின்றன. தேர்தல் வேறு நெருங்குகிறது. அதனால் இந்த பிப்ரவரி 2021 இதழில் மூட்டுவலி, பட்டா மாற்றம், பேரனுக்குக் கணக்கு ஏறவில்லை போன்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வரி. நான் குடியாத்தத்துக்காரன். கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியராக 2011-ல் ஓய்வு பெற்றவன். 1977-லிருந்து ஓய்வு பெறும்வரை எலெக்‌ஷன் டியூட்டி என்னை விட்டதில்லை. எந்தக் கட்சியிலும் இல்லை. வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1984-க்கும் 2016-க்கும் இடையே 32 ஆண்டு. கணக்கு வாத்தியார் இப்படித் தப்பு செய்யலாமா?
– கல்லூரி மாணவி, சோளிங்கர்

செய்யக்கூடாதுதான். அரை மார்க் கழித்துக்கொள்ளம்மா.

சரி, கணக்கை ஒழுங்காகவே போட்டுவிடுவோம். 1957-லும் 1962-லும் காமராஜர் தலைமையில் காங்கிரஸ் திரும்ப வந்தது. 1971-ல் திமுக 184 இடங்களுடன் திரும்ப வந்தது. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்த பிறகு முதல்வரான கருணாநிதிக்கு முதல்வராக அதுதான் முதல் தேர்தல். 1984-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா. ஆக ஐந்து முறை. 1967, 1977, 1989, 1991, 1996, 2001, 2006, 2011 எல்லாம் ஆள் மாறிய தேர்தல்கள். 1989-லிருந்து 2011 வரை ஒரு தேர்தல் விடாமல் மாற்றிப் போட்டிருக்கிறோம். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் ஆட்சி திரும்பி வந்ததையே பார்க்காமல் பிள்ளை குட்டி பெற்றுவிட்டார்கள்.

1980-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்து மறுபடி ஜெயித்தாரே. டீக்கடையில் பந்தயம் கட்டியிருக்கிறோம், தீர்ப்பு சொல்லுங்கள்.
– வாசகர், வாலாஜாபேட்டை

பந்தயம் என்ன என்று எழுதவில்லை. ஆம்பூர் பிரியாணி என்றால் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதியில் அதிமுகவுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. கோபிச்செட்டிபாளையம், சிவகாசி. பிப்ரவரியில் டெல்லி எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அவர் முதல்வர் நாற்காலியில் இல்லை, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்தத் தேர்தலில் 129 இடம் பிடித்தார். ஆகவே சட்டப்படி அது "நடக்கிற ஆட்சி" திரும்பியது அல்ல, கலைக்கப்பட்ட ஆட்சி திரும்பியது. ஆனால் ஜனங்கள் மனசில் அவர் முதல்வராகத்தான் ஓட்டுக் கேட்டார். பந்தயத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஜனவரியிலும் மேயிலும் எனக்கு ஒரே பள்ளிக்கூடத்தில் டியூட்டி. அதே பெஞ்சு, அதே ஜனம், ஐந்து மாதத்துக்குள் நேர் எதிரான முடிவு. மே மாதத்தில் ஓடு மட்டும் கொதித்தது. வேலூர் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் படுத்திருந்தபோது நடந்த தேர்தலில் டியூட்டி பார்த்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
– ஓய்வு பெற்ற அஞ்சல்காரர், பேரணாம்பட்டு

உங்கள் ஊர்ப் பக்கம்தான் டியூட்டி. மலையடிவாரத்தில் ஒரு ஓராசிரியர் பள்ளி. முதல் நாள் சாயங்காலம் லாரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மார்கழிக் குளிர். பெட்டி, வாக்குச்சீட்டுக் கட்டு, அரக்கு, மெழுகுவத்தி, மைக்குப்பி எல்லாவற்றையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். கிராமத்து ஆள் ஒருவர் பெரிய தூக்குவாளியில் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்தார். எந்தக் கட்சிக்காரர் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடவேண்டும் என்பது விதி. பசி விதியைக் கேட்கவிடவில்லை.

டிசம்பர் 24. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டு. நாடாளுமன்றத்துக்கு வெள்ளைச் சீட்டு, சட்டமன்றத்துக்கு ரோஸ் சீட்டு. இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர். புரூக்ளின் ஆஸ்பத்திரியில். ஆண்டிபட்டித் தொகுதிக்கு அங்கிருந்தபடியேதான் மனுப் போட்டிருந்தார். அவர் உயிரோடு இல்லை என்று ஒரு பேச்சு, இருக்கிறார் என்று காட்ட ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ படம் ஊர் ஊராக ஓடியது. அந்தக் கிராமத்துக்கு வீடியோ வரவில்லை, பேச்சு மட்டும் வந்திருந்தது.

நான் சீட்டு மடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மடிப்பதிலும் முறை உண்டு. முத்திரை மை மறுபக்கத்துச் சின்னத்தில் ஒட்டாதபடி முதலில் நீளவாக்கில் மடிக்கவேண்டும், அப்புறம் குறுக்கே. பதினோரு மணி இருக்கும், எழுபது வயசு தாண்டிய ஒரு அம்மா வந்தார். கையில் இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு குனிந்து மெதுவாகக் கேட்டார்: "சாரு, அவுரு எப்டி கீறாரு?"

யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருக்கிறவன் அந்தப் பெயருக்குத் தலையைக்கூட ஆட்டக்கூடாது. ஏஜெண்டுகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார்கள். "உள்ளே போய் ஓட்டுப் போட்டுட்டு வாங்கம்மா" என்றேன். அந்த அம்மா மறைவுக்குப் போய் முத்திரை குத்தி, பெட்டியில் போட்டுவிட்டு, போகாமல் நின்றார். "இத்த எப்ப சாரு அமெரிக்காவுக்கு அனுப்புவீங்க?"

"நாளைக்கும்மா" என்றேன். திமுக ஏஜெண்டு சிரித்துவிட்டார், எதிர்ப்பு எதுவும் பதிவு செய்யவில்லை. நாற்பது வருஷ அரசு வேலையில் அவ்வப்போது பொய் சொல்லியிருக்கிறேன், அந்தப் பொய்க்கு மட்டும் வருத்தப்பட்டதில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும். அதிமுக 132, திமுக 24. பிப்ரவரியில் அவர் திரும்பி வந்து 1985 பிப்ரவரி 10-ல் பதவி ஏற்றார். அரசு செய்த வேலைக்கு விழுந்த ஓட்டு எத்தனை, அனுதாபத்துக்கு விழுந்தது எத்தனை என்று இன்றைக்கும் டி.வி.யில் பிரித்துச் சொல்கிறார்கள். அந்த அம்மா போட்டது இரண்டிலும் சேராது. அவர் அனுப்பியது மருந்து.

2016-ல் ஆட்சி மாறும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் லைனில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சொன்னோம். எப்படி மாறாமல் போச்சு சார்?
– ஷூ கம்பெனித் தொழிலாளி, வாணியம்பாடி

நீங்கள் சொன்னது ரொம்பத் தப்பு இல்லையம்மா. மயிரிழை.

வகுப்பறைக் கணக்காகச் சொல்கிறேன். ஓட்டுப் போட்டவர்கள் 100 பேர் என்று வையுங்கள். அதிமுகவுக்கு ஏறக்குறைய 41 பேர். திமுக கூட்டணிக்கு ஏறக்குறைய 40 பேர். வித்தியாசம் ஒன்று. மிச்சம் 19 பேர் எங்கே? அங்கேதான் கதை. பாமக தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஒரு இடம்கூட இல்லை. விஜயகாந்தும் மக்கள் நலக் கூட்டணியும் ஒரு பக்கம், பாஜக ஒரு பக்கம், நாம் தமிழர் ஒரு பக்கம். ஆட்சி பிடிக்காதவர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் போடவில்லை, ஆளுக்கொரு பெட்டியில் போட்டார்கள். அதிமுகவோ 234-லும் இரட்டை இலையையே நிறுத்தியது. கூட்டணிக் கட்சி ஆட்களும் அந்தச் சின்னத்தில்தான் நின்றார்கள். திமுக காங்கிரஸுக்கு 41 இடம் கொடுத்தது, அதில் தேறியது 8. என்னைக் கேட்டால் அந்த 33 தொகுதியில் பாதியாவது திமுக தானே நின்றிருக்கவேண்டும். இது என் அபிப்பிராயம், காங்கிரஸ் வாசகர்கள் கோபிக்கவேண்டாம்.

அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் பணப் பட்டுவாடாப் புகாரில் தள்ளிப்போனதால் மே 19-ல் எண்ணியது 232 தொகுதி. அதிமுக 134, திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1. ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். ஒரு தெருவில் கல்யாணம் இருந்து ஜனம் வெளியூர் போயிருந்தால் போதும், முடிவு மாறியிருக்கும்.

நம் பழைய வேலூர் மாவட்டத்தையே பாருங்கள். 13 தொகுதி. காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, ராணிப்பேட்டை, ஆற்காடு, திருப்பத்தூர் ஆறும் திமுக. வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, குடியாத்தம், கே.வி.குப்பம், சோளிங்கர், அரக்கோணம் ஏழும் அதிமுக. ஏழுக்கு ஆறு. இதைப் பார்த்து "மக்கள் தந்த மகத்தான தீர்ப்பு" என்று ஒரு சுவரொட்டி எங்கள் தெருமுனையில் ரொம்ப நாள் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு அந்த வழியாகப் பால் வாங்கப் போகும்போதெல்லாம் வயிறு எரியும்.

திரும்பி வந்த அரசு என்றால் பழைய வேலையையே தொடரும், புதிதாக ஒன்றும் செய்யாது என்கிறார் என் மாமனார். சரியா?
– நெசவாளர், குருவராஜபாளையம்

பதவி ஏற்ற 2016 மே 23 அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று உங்கள் தறிக்கானது. கைத்தறிக்கு 200 யூனிட், விசைத்தறிக்கு 750 யூனிட் இலவச மின்சாரம். வீடுகளுக்கு 100 யூனிட், தாலிக்கு 8 கிராம் தங்கம், 500 டாஸ்மாக் கடை மூடல் எல்லாம் அதே நாளில்தான். மாமனாரிடம் மின்கட்டண அட்டையைக் காட்டுங்கள். பாவு நூல் விலையைப் பற்றி அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் என்னை இழுக்காதீர்கள்.

திரும்பி வருகிற ஆட்சிக்கு ஏதோ தோஷம் இருக்கிறது என்கிறார்கள். ஜெயலலிதா ஜெயித்த வருஷமே போய்விட்டார். எம்.ஜி.ஆரும் பதவியில் இருக்கும்போதே போனார். எங்கள் ஆந்திராவில் ராஜசேகர ரெட்டியும் அப்படித்தான். உங்கள் கருத்து?
– தமிழாசிரியர், சித்தூர்

தோஷம் பார்ப்பதில்லை ஐயா. ஆனால் நீங்கள் கேட்டபிறகு ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

1962-ல் திரும்ப வந்த காமராஜர் 1963 அக்டோபரில் தாமே பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். மிச்ச காலம் பக்தவத்சலம். 1971-ல் திரும்ப வந்த திமுக அடுத்த வருஷமே எம்.ஜி.ஆரை நீக்கி இரண்டாக உடைந்தது. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. 1984-ல் திரும்ப வந்த எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-ல் மறைந்தார். ஓட்டுப் போட்ட அதே தேதி, சரியாக மூன்று வருஷம். பேரணாம்பட்டுப் பக்கத்து அந்த அம்மாவைத்தான் அன்று முதலில் நினைத்துக்கொண்டேன். 2016-ல் திரும்ப வந்த ஜெயலலிதா செப்டம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனார், டிசம்பர் 5-ல் முடிந்தது. உங்கள் பக்கம் ராஜசேகர ரெட்டி 2009 மே மாதம் திரும்ப வந்தார், செப்டம்பர் 2-ல் ஹெலிகாப்டர் விழுந்தது. அன்றைக்கு அவர் கிளம்பியது உங்கள் சித்தூர் மாவட்டத்துக்குத்தான்.

ஆக, 1957-ஐத் தவிர, நாம் திரும்பக் கொண்டுவந்த ஆள் அந்த ஐந்து வருஷத்தை நாற்காலியில் இருந்து முழுசாக முடித்ததே இல்லை. தோஷம் என்றால் ஒடிசாவில் நவீன் பட்நாயக் 2004, 2009, 2014, 2019 என்று வரிசையாக எப்படித் திரும்பி வந்தார்? வங்காளத்தில் ஜோதி பாசு? எனக்குத் தோன்றுவது வேறு. நாம் ஆட்சியைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை, முகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறோம். ஆட்சி என்றால் கோப்பு, துறை, அதிகாரி, அடுத்த வரிசையில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் போனாலும் அது பாட்டுக்கு நடக்கும். முகம் ஒன்றுதான். அது போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் யார் என்று ஓட்டுப் போட்டவனுக்கே தெரியாது. 2016 மே மாதம் எங்கள் தெருவில் ஓட்டுப் போட்டவர்களிடம் "எடப்பாடி யார்?" என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் அது ஒரு ஊர் என்று சொல்லியிருப்பார்கள். அவரும் நாலு வருஷம் ஓட்டிவிட்டார் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இந்த மாதம் பெங்களூரிலிருந்து சசிகலா கார் வரிசையோடு வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போனபோது மேம்பாலத்தில் நின்று பார்த்த கூட்டமும் முகம் பார்க்கத்தான் வந்தது.

ஆட்சி வந்தால் என்ன, போனால் என்ன, எங்கள் தொகுதியில் ஆள் மாறுவதே இல்லையே?
– வாசகர், காட்பாடி

துரைமுருகனைச் சொல்கிறீர்கள். திமுக திரும்பி வந்த 1971 தேர்தலில் உங்கள் தொகுதியில் முதன்முதலாக ஜெயித்தவர். 1996-லிருந்து 2016 வரை அங்கே ஐந்து தேர்தல், ஐந்தும் அவர். அதில் இரண்டு முறைதான் அவர் கட்சி ஆட்சி. மாநிலத்து வழக்கம் காட்பாடி ரயில்வே பாலத்தோடு நின்றுவிடுகிறது போல.

தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் தபால் ஓட்டு செல்லுமா, செல்லாதா? டியூட்டிக்குப் போகிறேன், பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, ஆற்காடு

பயப்படவேண்டியதுதான். நான் சொன்ன ராதாபுரம் வழக்கே இதுதான். தபால் ஓட்டுகளில் 203 செல்லாது என்று ஒதுக்கினார்கள். சான்றொப்பம் போட்டவர்கள் தலைமை ஆசிரியர்கள் என்பது காரணம். உயர் நீதிமன்றம் 2019-ல் மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஐந்து வருஷ ஆட்சி முடியப்போகிறது, 49 ஓட்டு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. நான் எத்தனை பேருக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை. உறையோடு வருகிற உறுதிமொழிப் படிவத்தில் யார் சான்று தரலாம் என்று அச்சடித்திருக்கும். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு, பயிற்சி வகுப்பிலேயே அதிகாரி முன்னால் வேலையை முடித்துவிடுங்கள்.

2016-ல் ஆளுங்கட்சிக்கே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த தொகுதி நம்முடையது. நமக்கு என்ன கிடைத்தது? தெருவில் சாக்கடை அப்படியே இருக்கிறது. மனு கொடுக்க எம்.எல்.ஏ.கூட இல்லை.
– உங்கள் பக்கத்துத் தெரு வாசகர், குடியாத்தம்

பக்கத்துத் தெரு என்றால் யார் என்று தெரிந்துவிட்டது. நேரில் கேட்டிருக்கலாமே அண்ணே, தபால் தலையாவது மிச்சம்.

1954-ல் முதல்வரான காமராஜருக்குச் சட்டமன்றத்தில் இடம் இல்லாதபோது, இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து அனுப்பிய ஊர் இது. என் அப்பா தறியை நிறுத்திவிட்டுப் போய் அந்த ஓட்டைப் போட்டார். சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரின் கணக்கு இப்போது எப்படி இருக்கிறது? 2016-ல் தேர்ந்தெடுத்தவர் தினகரன் பக்கம் போய்ப் பதவி இழந்த 18 அதிமுக எம்.எல்.ஏ.க்களில் ஒருவர், 2017 செப்டம்பரில் போனார். ஆம்பூருக்கும் சோளிங்கருக்கும் அதே கதி. 2019 ஏப்ரல் 18-ல் இடைத்தேர்தல். அன்று தமிழ்நாடே நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டது, பணம் பிடிபட்டு வேலூர்த் தேர்தல் ரத்தானதால் நாம் சட்டமன்றத்துக்கு மட்டும் போட்டோம். ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு இன்னொரு முறை மை வைத்துக்கொண்டோம். இடைத்தேர்தலில் திமுகவை ஜெயிக்க வைத்தோம். அவர் 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். அப்புறம் கொரோனா வந்தது, இடைத்தேர்தல் வரவில்லை. 2016 மே முடிந்து இன்றுவரை 57 மாதம். அதில் எம்.எல்.ஏ. இல்லாத மாதம் 32.

சாக்கடை மனு என்னிடமும் இருக்கிறது. முதல் முறை 2017 ஆகஸ்டில் எழுதினேன், கொடுப்பதற்குள் ஆள் இல்லை. இரண்டாவது முறை 2020 ஜனவரியில் கொடுத்து, பார்க்கிறேன் என்று பதிலும் வாங்கி வந்தேன். போன வாரம் மூன்றாவது நகல் எடுத்து, நம் தெருவில் 26 வீட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. உங்கள் தெருவுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். "பெறுநர்" என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.